முற்றத்துக்கு வந்த பாலர் பள்ளி



பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூடுகைகளிலும் வாசித்துக் கலந்து பேசுவதற்கென்று இந்தப் பக்கத்தில் ஒரு பாடம் தந்து வருகிறோம். இம்முறை நாம் எடுத்துக்கொள்வது ஒரு சிறிய விஷயம் போலத் தோன்றும். தொற்றுநோயின் நிமித்தம் ஒரு பாலர் பள்ளியை மூடும்படி உத்தரவு வந்தால், அந்தப் பள்ளியை நம்பியிருக்கும் வீடுகளுக்கு அது அதன்பின் என்ன செய்யக்கூடும்? 2020 மார்ச் மாதத்தில் தொடங்கி நம் தமிழ்நாட்டில் நடந்தவற்றை வைத்தே இதை ஆராய்வோம்.

மருத்துவமனைச் செய்தி மடலில் பாலர் பள்ளிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டும் அக்காள் தங்கை போன்றவை. லண்டனின் டெட்ஃபோர்டு பகுதியில் ரேச்சல் மக்மில்லன், மார்கரெட் மக்மில்லன் என்ற இரு சகோதரிகள் 1910ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு மருந்தகம் தொடங்கினார்கள். அங்கே குணமாகிப் போன பிள்ளைகள் சில வாரங்களில் அதே சிரங்கோடும் அதே இருமலோடும் திரும்பி வந்தார்கள். மருந்து போதாது, பிள்ளைகளுக்குப் பகலெல்லாம் சுத்தமான காற்றும் உணவும் குளியலும் உறக்கமும் வேண்டும் என்று கண்ட அவர்கள், 1914இல் அங்கேயே திறந்தவெளிப் பாலர் பள்ளியைத் தொடங்கினார்கள். ஆகவே பாலர் பள்ளி ஆரம்பத்திலேயே பாதி மருந்தகமாக இருந்தது. அதன் கதவை மூடினால் பாடம் மட்டும் நிற்பதில்லை என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

நாம் மனதில் வைத்துப் பேசும் பள்ளி மிகச் சிறியது. ஓர் ஓட்டுக் கட்டடம், ஓர் ஆசிரியை, ஓர் ஆயா, இருபது இருபத்தைந்து பிள்ளைகள், சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள், பின்பக்கம் ஒரு சமையலறை. சபையோ மருத்துவமனையோ நடத்தும் பாலர் பள்ளிகள் பல இவ்வளவே. தாய்மார் பீடி சுற்றுகிறவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர்கள். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவார்கள். பிள்ளைக்கு அங்கே ஒரு வேளைச் சோறும் சத்துமாவும் முட்டையும் கிடைக்கும். மாதம் ஒரு முறை எடை பார்ப்பார்கள். காய்ச்சல் கண்டால் ஆயா முதலில் கண்டுபிடிப்பாள். எழுத்தும் எண்ணும் இவற்றுக்கெல்லாம் பிறகுதான் என்று சொன்னால் ஆசிரியைகள் கோபித்துக்கொள்ளலாகாது.

மூடப்பட்ட விதம்

தமிழ்நாட்டில் அங்கன்வாடிகளும் மழலையர் பள்ளிகளும் 2020 மார்ச் 17 முதல் மூடப்பட்டன. மாத இறுதி வரை என்றுதான் முதலில் அறிவிப்பு. மார்ச் 24 மாலை மாநிலத்தில் 144 தடை உத்தரவு, மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. சூளையும் பீடிக் கடையும் கட்டட வேலையும் ஒரே நாளில் நின்றன. இரண்டு வாரம் என்று சொல்லப்பட்டது நீண்டுகொண்டே போயிற்று. 2021 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம், நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகள் நீங்கலாக மற்ற இடங்களில் அந்த மாத இறுதிக்குள் அங்கன்வாடிகளைத் திறப்பதற்கு முடிவெடுக்கும்படி கூறியது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வந்தது. நம் மாநிலத்தில் மதிய உணவுக்காக அங்கன்வாடிகள் 2021 செப்டம்பரில் திறந்தன. மழலையர் பள்ளிகளும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் 2022 பிப்ரவரி 16 அன்றுதான் திறந்தன.

இந்தத் தேதிகளைச் சற்றே கூட்டிப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூன்று வயதாயிருந்த பிள்ளைக்கு 2022 பிப்ரவரியில் ஐந்து வயது. பாலர் பள்ளிக்குரிய பருவம் முழுவதும் பூட்டிய கதவுக்கு வெளியே கழிந்துபோயிற்று. பத்தாம் வகுப்பு மாணவன் ஓராண்டைப் பின்னால் ஈடுகட்டிக்கொள்ளலாம். மூன்று வயதில் தேய்ந்த உடம்பை ஏழு வயதில் முழுவதும் மீட்பது அவ்வளவு எளிதல்ல.

மூடியதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. நோயின் தன்மை தெரியாத முதல் மாதங்களில் வேறு வழியில்லை. மூன்று வயதுப் பிள்ளைகளை ஆறடி தள்ளி உட்கார வைக்கும் வல்லமை எந்த ஆசிரியைக்கும் கிடையாது. கட்டடத்தை மூடலாம், ஆனால் அதனுள் நடந்த வேலையையும் அதோடு மூட வேண்டுமா என்பதுதான் நமது கேள்வி.

அங்கன்வாடி என்ற சொல்லிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1945இல் தாராபாய் மோடக் அம்மையார் அன்றைய பம்பாய் மாகாணத்துக் கடற்கரைக் கிராமமான போர்டியில் கிராமப் பிள்ளைகளுக்கான கல்வி மையத்தைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணையாக இருந்தார். பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் அவர்கள் தேவைப்பட்டார்கள். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்று அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்திலேயே பள்ளியை நடத்தினார்கள். ‘அங்கன்’ என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது இந்தப் பெயரே அதன் மையங்களுக்கு நிலைத்தது. காலப்போக்கில் அங்கன்வாடி என்றால் ஒரு கட்டடம் என்று நாம் எல்லோரும் நினைக்கத் தொடங்கிவிட்டோம். 2020இல் கட்டடம் பூட்டப்பட்டபோது பழைய பொருளுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

கேரளம் இதை முதலில் செய்தது. அங்கே அங்கன்வாடிகளை மூடிய அதே மார்ச் மாதத்தில் உணவை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடாயிற்று. மார்ச் 18 அன்று உச்ச நீதிமன்றம், மூடப்பட்ட பள்ளிகளின் மதிய உணவைப் பற்றித் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டபோது கேரளத்தின் ஏற்பாட்டைக் குறிப்பிட்டு, மற்ற மாநிலங்கள் என்ன செய்யப்போகின்றன என்று கேட்டது. தமிழ்நாட்டில் அங்கன்வாடி ஊழியர்கள் சத்துமாவுப் பொட்டலங்களை வீடுகளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெரும்பாலோர் சொற்ப ஊதியத்தில் வேலை செய்கிறவர்கள் என்பதை நம் வாசகர்கள் மறக்க வேண்டாம்.

உணவு வீட்டுக்குப் போனால் யார் வயிற்றுக்குப் போகிறது?

சிறு பள்ளிகளை நடத்துகிறவர்கள் கவனமாய்க் கற்க வேண்டிய பகுதி இது. பள்ளியில் பாயில் உட்கார்ந்து தன் தட்டில் சாப்பிடுகிற பிள்ளைக்கு அந்தத் தட்டிலுள்ளது முழுவதும் சேரும். அதே அரிசியும் பருப்பும் பொட்டலமாக வீட்டுக்குப் போனால் அது குடும்பத்துப் பானைக்குள் போய்விடும். ஆறு பேர் சாப்பிடும் பானையில் ஒரு பிள்ளைக்கென்று வந்த அரிசி எத்தனை நாளைக்கு வரும்? தாயின் மேல் குற்றமில்லை. பெரிய பிள்ளைகளும் மாமியாரும் பசித்திருக்கும்போது கடைக்குட்டிக்கு மட்டும் தனியே பொங்கிப் போட எந்தத் தாய்க்கும் மனம் வராது.

ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது. குடும்பம் முழுவதற்கும் போதுமான அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்க வேண்டும், அல்லது சிறு பிள்ளை மட்டும் சாப்பிடுகிற வகையில் உணவு கொடுக்க வேண்டும். கோதுமை மாவு, கேழ்வரகு மாவு, கடலை மாவு, வெல்லம் சேர்ந்த சத்துமாவு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பெரியவர்கள் அதை விரும்பி உண்பதில்லை. முட்டை அப்படியல்ல. வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்து இரண்டு முட்டை போனால் அவை யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் பெயருள்ள பிள்ளைக்கு மட்டும் என்று கணக்குப் பார்க்காமல், அந்த வீட்டிலுள்ள பிள்ளைகளை எண்ணி முட்டை கொடுத்தால்தான் சிறிய பிள்ளைக்கு ஒன்றாவது கிடைக்கும். கணக்குப் புத்தகத்தில் இது அதிகச் செலவாகத் தெரியும். உண்மையில் இதுவே சிக்கனம்.

பணமாகக் கொடுத்தால் என்ன என்று நம் ஆதரவாளர்கள் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். 2020 ஏப்ரலில் தமிழக அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசமாகக் கொடுத்தது. கடைகள் திறந்திருந்து தாயின் கையில் பணம் சேருமானால் பணம் நல்லதே. வாடகைக்கும் மருந்துக்கும் பொட்டலம் உதவாது. ஆனால் அந்த மே மாதத்தில் மதுக்கடைகள் திறந்த பிறகு, பொருளாகவே கொடுங்கள் என்று தாய்மாரே கேட்கக்கூடிய வீடுகளும் உண்டு. எந்த வீடு எப்படிப்பட்டது என்பது நன்கொடை அனுப்புகிறவருக்கும் தெரியாது, மருத்துவமனை அலுவலகத்துக்கும் தெரியாது. ஆயாவுக்குத் தெரியும். சிறு பள்ளியின் பலம் இதுதான்.

இன்னொரு காரியம். வீட்டு வாசலில் நின்று “பிள்ளை சாப்பிட்டானா?” என்று கேட்டால் “சாப்பிட்டான் டீச்சர்” என்றே பதில் வரும். நம் மக்கள் மானமுள்ளவர்கள். வீட்டுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டான் பாட்டி?” என்று கேட்க வேண்டும். “கஞ்சிதான். தொட்டுக்க ஒண்ணும் இல்ல. ஏதோ ஓடுது டீச்சர்” என்று அப்போது உண்மை வரும். மறுநாளும் அதே பதில் வந்தால் அந்த வீட்டை முதலில் கவனிக்க வேண்டும்.

நிற்பது முற்றத்தில்தான், வீட்டுக்குள் அல்ல. இந்தக் கிருமி காற்றோட்டமில்லாத அறைகளில் காற்றின் வழியாகவே அதிகம் பரவுகிறது என்பது இப்போது தெளிவாயிருக்கிறது. முகக்கவசம் அணிந்து திறந்த வெளியில் சில நிமிடம் பேசுவதில் ஆபத்து மிகக் குறைவு. அந்நாட்களில் ஊரெங்கும் அரிசிப் பையையும் காய்கறியையும் சோப்பு நீரால் துடைத்தார்கள். அது அவ்வளவு தேவையில்லை. கையைச் சோப்பிட்டு 20 விநாடி கழுவுவது எப்போதும் தேவை, வயிற்றுப்போக்குக்காவது.

தாயின் கையில் ஓர் அளவு நாடா

எடைத் தராசை வீடு வீடாய்த் தூக்கிக்கொண்டு போய் ஒரே தொட்டிலில் எல்லாப் பிள்ளைகளையும் போட முடியாத காலம் அது. அதனால் பிள்ளை தேய்கிறதா என்பதை அறிய வேறு வழி வேண்டியிருந்தது. மேல் கைச் சுற்றளவு பார்க்கும் நாடா அதற்கு உதவும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் பிள்ளை எவ்வளவோ உயர்ந்தாலும், ஆரோக்கியமான பிள்ளையின் மேல் கைச் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. ஆகவே ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஒரே அளவுகோல் போதும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கையைத் தளரத் தொங்கவிட்டு, நாடாவை இறுக்காமல் சுற்ற வேண்டும். 12.5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பச்சை. 11.5க்கும் 12.5க்கும் இடையில் மஞ்சள். பிள்ளைக்குக் கூடுதல் உணவும் அடிக்கடி கவனிப்பும் வேண்டும். 11.5க்குக் கீழ் சிவப்பு. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பாதங்களும் வீங்கி, கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்குமானால், நாடா பச்சை காட்டினாலும் தாமதிக்கக் கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் நிறம் தெரியும். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், கொள்ளைநோய்க்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, இந்த நாடாவைத் தாய்மாரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சுகாதார ஊழியர்களுக்கு நிகராகவே அவர்கள் அளந்தார்கள். ஊழியர்கள் பிள்ளைகளைத் தொடக் கூடாத 2020இல் பல நாடுகளில் இதே முறை கைகொடுத்தது. எங்கள் எண்ணத்தில், சிறு பள்ளிகள் இதை நல்ல நாட்களிலேயே பழக்கி வைக்க வேண்டும். நெருக்கடி வந்தபின் நாடாவை அனுப்பி, எப்படி அளப்பது என்று தொலைபேசியில் விளக்குவது கடினம்.

இது ஏதோ அரிதான பிள்ளைகளைப் பற்றிய பேச்சு என்று எண்ண வேண்டாம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 100க்கு 15 பேர் வரை உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள பள்ளியில் மூன்று நான்கு பேர் இந்த இரண்டாவது வகையில் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற இருபது வீடுகளுக்கு வாரம் ஒரு முறை போனாலும் இந்த நான்கு வீடுகளுக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டும். எல்லோருக்கும் சமமாய்ச் செய்வது நல்லதுதான். ஆனால் நோய்க்காலத்தில் சமமாய்ச் செய்வதே நீதி ஆகிவிடாது.

தடுப்பூசியையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பல இடங்களில் வழக்கமான தடுப்பூசி நாட்கள் நின்றுபோயின. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2021 ஜூலையில் வெளியிட்ட கணக்கின்படி, 2020இல் உலகெங்கும் 2 கோடியே 30 லட்சம் பிள்ளைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் சரிவரக் கிடைக்கவில்லை. அதன் விளைவு உடனே தெரியவில்லை. 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவிப் பிள்ளைகள் இறந்தபோது தெரிந்தது. பாலர் பள்ளிப் பதிவேட்டில் பிள்ளையின் தடுப்பூசி நாளோடு, கைக்குழந்தையாயிருக்கும் தம்பி தங்கையின் நாளையும் எழுதி வைத்தால் நல்லது. ஒன்பதாம் மாதமும் ஒன்றரை வயதை ஒட்டியும் போட வேண்டிய தட்டம்மை ஊசியும், ஐந்து வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியும்தான் அதிகம் தவறிப்போகிறவை என்பது எங்கள் எண்ணம். முற்றத்தில் நிற்கும் ஆசிரியை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பாடங்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டோம். கைப்பேசியில் படக்காட்சியாய் எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பலர் முயன்றார்கள். பல வீடுகளில் ஒரே கைப்பேசி, அதுவும் தகப்பனோடு வெளியே போய்விடும். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையின் முன் உட்கார வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே கூறியிருக்கிறது. ஆசிரியை தாயோடு ஐந்து நிமிடம் பேசி, பிள்ளைக்கு ஒரு கதை சொல்லி வைப்பது அதைவிட மேல். சிரட்டை, ஓலை, களிமண், பாட்டிக்குத் தெரிந்த விளையாட்டுப் பாட்டு, இவை எந்த வீட்டிலும் உண்டு. புளியங்கொட்டையை மட்டும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். தொண்டையில் சிக்கி எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

காணிக்கை கொடுப்போருக்கு

கடைசியாக, பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறோம். பள்ளி மூடியிருக்கும்போது ஆயாவுக்கு ஏன் சம்பளம் என்ற கேள்வி எந்தக் கமிட்டியிலும் எழும். கட்டணத்தை நம்பி நடந்த எத்தனையோ சிறு மழலையர் பள்ளிகள் அந்த இரண்டாண்டில் ஆசிரியைகளுக்குச் சம்பளம் தர முடியாமல் நிறுத்தின. அவர்களில் பலர் துணிக்கடைக்கும் வயல் வேலைக்கும் போனார்கள். பள்ளி திறந்தபோது பூட்டைத் திறக்க ஆள் இருந்தது, பிள்ளைகளின் பெயர் தெரிந்தவர் இல்லை. எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், எந்த வீட்டில் தகப்பன் இல்லை, யார் முட்டை சாப்பிட்டால் உடம்பில் தடிக்கும் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் முழுவதும் இருக்காது. மூடிய நாட்களில் ஆயாவின் சம்பளம்தான் முதற்செலவு என்பது எங்கள் உறுதியான எண்ணம். கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது காத்திருக்கலாம்.

அதேபோல், இன்ன காரியத்துக்கென்று குறித்து அனுப்பும் காணிக்கை. சிலேட்டுக்கும் சீருடைக்கும் கிறிஸ்துமஸ் இனிப்புக்கும் என்று அன்போடு குறித்து அனுப்புகிறீர்கள். அப்படிக் குறித்த பணத்தை உங்களைக் கேட்காமல் வேறொன்றுக்கு எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் பள்ளி மூடிய நாளில் சிலேட்டுப் பணம் வங்கியில் தூங்க, முட்டைக்குப் பணமில்லாமல் நிற்க நேரும். “தேவைப்பட்டால் பிள்ளைகளின் உணவுக்கும் மருந்துக்கும் பயன்படுத்தலாம்” என்ற ஒரு வரியைக் காணிக்கைச் சீட்டில் எழுதிவிட்டால் அந்தத் தடை நீங்கும். மாற்றிச் செலவிட்டதை ஆண்டுக் கணக்கில் தனியே காட்டும்படி நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

2022 பிப்ரவரியில் கதவு திறந்தபோது வந்த ஐந்து வயதுப் பிள்ளைகளில் பலருக்குப் பாயில் வரிசையாய் உட்காரவும் தெரியவில்லை, தாயை விட்டுப் பிரியவும் தெரியவில்லை. அவர்கள் நான்கு மாதத்தில் முதல் வகுப்புக்குப் போக வேண்டியவர்கள். அந்த நான்கு மாதத்தை எழுத்துக்குச் செலவிடுவதா, விளையாட்டுக்கும் உணவுக்கும் செலவிடுவதா என்பதைப் பற்றி ஆசிரியைகளுக்குள் இன்றும் இரண்டு கருத்து உண்டு. உங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நீளும்.

உங்கள் சபையிலுள்ள பாலர் பள்ளிக்குக் கையளவு நாடாக்கள் தேவையானால் எங்கள் சமூக நலப் பிரிவுக்கு எழுதுங்கள். ஊழியர் ஒருவர் வந்து, தாய்மாரை முற்றத்தில் உட்கார வைத்து அளந்து காட்டுவார். பிள்ளைகள் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கும் மாதங்களில் அழைப்பதே நல்லது.